புதுவாயலில் உருகிய தங்கக் கலர் பிரேம்

கடைக்குள் ஒருவர் வந்து கண்ணாடி பிரேம் கேட்டால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அவருடைய மூக்கையா, அவருடைய கைக்கடிகாரத்தின் முதுகையா?

நம் கடையின் இளைய நண்பர்களே, மூக்கு என்று சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டாம். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்த கையோடு, எழுபதுகளின் நடுவில், திருவள்ளூர் பஜாரில் நம் கடைக்கு வேலைக்கு வந்தவன் நான். ஆள் உட்காருவதற்குள் "சார், உங்க மூஞ்சிக்கு ஓவல்தான் தூக்கும்" என்று அடித்துவிடுவேன். பாதிப் பேர் அதை நம்பி வாங்கியும்விடுவார்கள். எனக்குத் தலை கால் புரியாது.

முதலாளி வேறு மாதிரி. வந்தவரிடம் வாட்சைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்ப்பார். வியர்வை பட்டுப் பின்மூடி அரித்திருந்தால், முலாம் பூசிய பிரேம் இருக்கும் தட்டைத் திறக்கவே மாட்டார். வாட்ச் இல்லாதவர்களிடம் மோதிரம், சாவிக்கொத்து, சட்டைப் பித்தான் என்று எதையாவது வாங்கிப் பார்ப்பார். இது கண்ணாடிக் கடையா அடகுக் கடையா என்று சிலர் முழிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பட்டம் வாங்கியவன் பக்கத்தில் இருக்கும்போது இவர் எதற்குச் சாவிக்கொத்தை மோந்து பார்க்கிறார் என்று நினைப்பேன். இப்போது நான் சொல்லப்போவது அந்தச் சிரிப்பு நின்ற கதை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. எனக்கு மட்டும் கிடையாது. பிரேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியபாளையம் வழியாகப் புதுவாயலுக்கு பஸ் ஏறிவிடுவேன். கல்கத்தா ரோட்டு முனையில் டீக்கடை, அதை ஒட்டி ஒரு புளியமரம். மரத்தில் ஆணி அடித்து முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, மடக்கு மேஜையை விரித்தால் அதுதான் எங்கள் கிளை. கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் டாக்டர் சீட்டோடு வருவார்கள். பிரேமைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவார்கள். மெட்ராஸில் லென்ஸ் தயாராக இரண்டு வாரம் ஆகும். அதற்கடுத்த ஞாயிறு வந்து மாட்டிக்கொண்டு போவார்கள்.

அப்படித்தான் எல்லப்பன் வந்தார். பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே இருக்கும் ஒரு குப்பத்துக்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அதுவரை படகும் வலையும். வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தார். இரும்பு வளையத்தை விரலால் தடவியே எது தடிமன், எது மெலிசு என்று சொல்லிவிடுகிறார் என்று கண்டுபிடித்து, செக்கிங் மேஜையில் ஆறு மாதம் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அங்கேதான் சிக்கல். அளவுக் கருவியில் இருக்கும் மெல்லிய கோடுகளை அவரால் படிக்க முடியவில்லை.

"எட்டாங்கிளாஸ் படிச்சிக்கிறேன் சார். நம்பர் தெரியாம இல்ல. ஒரு கோடு ரெண்டா தெரியுது, அதான் பேஜாரு," என்றார்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். இடது கண்ணுக்குச் சாதாப் பவர். வலது கண்ணுக்கு சிலிண்டர் என்கிற, ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர், அதுவும் பலமாக. கூட வந்திருந்த மனைவி கன்னியம்மா என் பெட்டியை எட்டிப் பார்த்துத் தேர்வை ஆரம்பித்துவிட்டார்.

"இது இன்னா தம்பி, ஈயச் சட்டி கலருல கீது? அத்த எடு, தங்கக் கலரு. கம்பெனி உத்தியோகத்துக்குப் போறாரு, இன்னும் மீனு விக்கறவன் மாதிரியா போவாரு?"

"மீனு விக்கறது நீதானமே," என்றார் எல்லப்பன்.

"அதான் சொல்றேன். ஒரு ஊட்டுக்கு ஒருத்தி நாறினா போதும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அக்காவுக்கு நல்ல டேஸ்ட்டு" என்று சொல்லித் தங்க முலாம் பிரேமை எடுத்து அவர் மூக்கில் வைத்தேன். உண்மையிலேயே ஜோராக இருந்தது. அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு செம்புத் தாயத்து தொங்கிக்கொண்டிருந்தது. குளத்துப் படியில் பாசி படிந்த மாதிரி முழுக்கப் பச்சை. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உப்புக்காற்றும் வியர்வையும் செம்பை என்ன செய்யும் என்று அந்தத் தாயத்து கத்திக்கொண்டிருந்தது. நான் மும்முரமாக மூக்கின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன்.

முலாம் என்பது ஒரு மெல்லிய சட்டை. அதற்குள்ளே இருப்பது செம்பு கலந்த உலோகம். சட்டை முதலில் கிழிகிற இடங்கள் மூன்று: கம்பி மடங்கும் மூட்டு, மூக்கின் மேல் உட்காரும் பாலம், காதுக்குப் பின்னால் வளைகிற இடம். ஏசி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவருக்கு அது பத்து வருடம் வரும். எல்லப்பனோ காலையில் படகில் ஏரியைத் தாண்டி, பஸ் பிடித்து, பகல் முழுக்க ஆசிட் தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, சாயந்திரம் மறுபடி படகில் வீடு திரும்புகிறவர். இது எதையும் நான் கேட்கவில்லை. லென்ஸ் வந்ததும் மாட்டிக் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கங்கண்ணே" என்றேன். நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்கள், நான் கேட்டிருக்கிறேன். அது அறிவுரையே இல்லை. வழியனுப்பும்போது சொல்கிற வணக்கம் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. நாஷ்டா முடித்துவிட்டு மேஜையை விரிக்கிறேன், கன்னியம்மா முன்னால் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ மேஜையில் கொட்டினார். பின்னால் எல்லப்பன், தலையைக் குனிந்தபடி.

"பாரு தம்பி. இதான் உன் தங்கமா?"

வலது பக்கக் கம்பி மூட்டோடு ஒடிந்து தனியாகக் கிடந்தது. மூட்டில் கறுப்பும் பச்சையுமாகக் களிம்பு. மீதி பிரேம் சிவந்து போய், புதுச் செம்புக் காசு மாதிரி பளபளத்தது. முலாம் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. நல்லவேளை, லென்ஸ் இரண்டும் முழுசாக இருந்தன.

"இதை எதுல தொடைச்சீங்க அக்கா?"

"புளியிலதான். பின்ன இன்னாத்துல? பச்ச பச்சயா பூத்துக்கினே இருந்துச்சு. வாரத்துக்கு ரெண்டு தபா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன். குத்துவெளக்குக்கு அதான போடறோம்? தேய்க்கத் தேய்க்க எப்டி மினுக்கிச்சு தெரியுமா?"

என் வாயில் ஒரு பதில் ரெடியாக வந்து நின்றது. "கண்ணாடியைப் போய் யாராவது புளி போட்டுத் தேய்ப்பாங்களா?" என்ற பதில். சொல்லவில்லை. பச்சை பூத்த மஞ்சள் உலோகத்தைப் புளியால் தேய்ப்பது என்பது அந்த வீட்டில் பிழையே கிடையாது. அது ஒழுங்கான வேலை. சொல்ல வேண்டியவன் சொல்லாமல் போனதுதான் பிழை. சரி, புது பிரேம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் எல்லப்பன் வாயைத் திறந்தார்.

"நாளிக்குக் காலைல டெஸ்ட்டு சார். மெட்ராஸ்லேர்ந்து பெரிய இன்ஜினீரு வர்றாரு. ஒரு கூடை வளையத்த குடுத்து அளக்கச் சொல்லுவாராம். பாஸானா பர்மனென்ட்டு. இல்லாட்டி கேட்டுக்கு வெளிய."

"படகுல பங்க இவரு தம்பிக்கு உட்டுக் குடுத்துட்டாரு," என்றார் கன்னியம்மா. குரல் திடீரென்று இறங்கியிருந்தது. "திரும்பிப் போனா எறங்கறதுக்கு எடம் இல்ல."

அப்போதைய நிலவரத்தைச் சொல்கிறேன். திருவள்ளூர்க் கடை பூட்டு. சாவி முதலாளியிடம். முதலாளி பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணத்தில். டாக்டர் சீட்டு கடையின் ஆர்டர் புத்தகத்துக்குள். லென்ஸ் ஒன்று உடைந்தால் புதுசு வர இரண்டு வாரம். என் பெட்டியில் இருந்த எந்த பிரேமிலும் இந்த ஓவல் லென்ஸ் அப்படியே உட்காராது. கையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், குறடு, அரம், ஸ்டீல் ஸ்கேல், ஒரு நூல்கண்டு. எதிரே ஒரு மனிதனின் பிழைப்பு.

அவசரத்தில் மனிதன் முதலில் எட்டிப் பிடிப்பது எப்போதும் பக்கத்தில் இருப்பதைத்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தது பாஷா பாயின் வெல்டிங் கடை. லாரி வேலை செய்கிறவர். லென்ஸ் இரண்டையும் கழற்றித் தனித்தனித் தாளில் மடித்து வைத்தேன். அந்த மட்டும் புத்தி வேலை செய்தது. பிரேமைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"பாய், மூட்டுல ஒரு பொட்டு வெச்சா போதும்."

அவர் அதை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இது லாரி சேஸிஸ் இல்லபா. எறும்பு காலு மாதிரி கீது. தாங்காது."

"தாங்கும் பாய். நான் பிசிக்ஸ் படிச்சவன். டக்குனு வெச்சு டக்குனு எடுத்துடுங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு கேஸைப் பற்றவைத்தார். டக்கென்று வைத்தார். டக்கென்று எடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. மூட்டு, வளையம், மூக்குப் பாலத்தில் பாதி எல்லாம் ஒரு மிளகு அளவு உருண்டையாகித் தரையில் விழுந்தது.

பாஷா பாய் குனிந்து அதைப் பார்த்தார். "இன்னாபா, உன் பிசிக்ஸு சொட்டுது?"

கன்னியம்மா டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பெட்டியை மேஜையில் கவிழ்த்தேன். அடியில், துணியில் சுற்றியபடி, ஒரு வட்ட பிரேம். ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர், நிக்கலும் செம்பும் துத்தநாகமும் கலந்த வெள்ளை உலோகம். மேலே முலாம் கிடையாது, உள்ளேயும் வெளியேயும் ஒரே சரக்கு. கம்பி காதைச் சுற்றி வளைந்து பிடித்துக்கொள்ளும். யாரும் வாங்காமல் இரண்டு வருடமாக முதலாளி அதைப் பெட்டியில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். கம்பியை விரித்து விட்டேன். பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. மூட்டில் உலோகம் தடிமனாக இருந்தது. திருகு முழுசாக இறங்கியது. நகத்தால் சுரண்டினேன், ஒன்றும் உரியவில்லை. பிரேமை இப்படித்தான் பார்த்து எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நாலு மாதம் முன்னால் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கன்னியம்மா எழுந்து வந்தார். "இது இன்னாயா, பள்ளிக்கூடத்துல அடிக்கிற வாத்தியாரு கண்ணாடி?"

"இருக்கட்டும்மே," என்றார் எல்லப்பன். "இதுவாச்சும் அடிக்கட்டும்."

அளந்தேன். லென்ஸின் உயரம் வட்டத்துக்குச் சரியாக இருந்தது. அகலம்தான் இரண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சம். தேய்த்துக் குறைத்தால் உட்காரும். பாஷா பாய்க்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். தன் மோட்டார் சக்கரத்தைக் காட்டி, "குடுபா, ரெண்டே நிமிசத்துல ரவுண்டாக்கித் தரேன்," என்றார்.

அந்த நொடியை நான் மறக்கவே மாட்டேன். ஒரு தடவை அவசரப்பட்டு பிரேம் போயாகிவிட்டது. இப்போது கையில் இருப்பது லென்ஸ். சூடேறும் சக்கரத்தில், தண்ணீர் இல்லாமல், கண்ணாடியை வைத்தால் விரிசல் விடும் என்று எனக்குத் தெரியும். கடையில் நாங்கள் குறடால் ஓரத்தைக் கொத்தி எடுப்போம். அதிலும் எப்போதாவது ஒன்று தெறிக்கும். இங்கே தெறித்தால் மாற்று இல்லை.

"வேணாம் பாய். கையில தேய்க்கிற கல்லு ஏதாச்சும் இருக்கா?"

ஒரு கார்பொரண்டம் கல்லைக் கொடுத்தார். டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கினேன். தேய்ப்பதற்கு முன் ஒன்று நினைவாகச் செய்தேன். சாதாப் பவர் லென்ஸை வட்டத்துக்குள் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். சிலிண்டர் அப்படியில்லை, அதன் பவருக்கு ஒரு திசை உண்டு. அது கொஞ்சம் சுழன்றால் கூடக் கோடுகள் மறுபடி இரண்டாகிவிடும். ஓவலாக இருக்கும்வரை எது மேல், எது பக்கம் என்று வடிவமே சொல்லிவிடும். வட்டமாகிவிட்டால் சொல்லாது. அதனால் வலது லென்ஸின் மேல்புறத்தில் என் பேனாவால் அழகாக ஒரு கோடு போட்டேன். என்ன முன்யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். கல்லை நனைப்பது, தேய்ப்பது, வைத்துப் பார்ப்பது, மறுபடி நனைப்பது. எல்லப்பன் வாளியில் தண்ணீர் மாற்றினார். வேறு வாடிக்கையாளர் வந்தால் கன்னியம்மாவே, "அடுத்த வாரம் வாங்க, டாக்டரு ஆபரேசன்ல கீறாரு," என்று அனுப்பிவிட்டார். வெயில் சாய்ந்து, மரத்தின் நிழல் ரோட்டைத் தாண்டிய நேரத்தில் இரண்டு லென்ஸும் வட்டத்தில் சிக்கென்று உட்கார்ந்தன. ஒரு சில்லு போகவில்லை. நிமிர்ந்து பார்த்து, "முடிஞ்சது அண்ணே!" என்றேன். பேனாக் கோட்டைத் தேடினேன்.

கோடு இல்லை. நாலு மணி நேரம் தண்ணீரில் ஊறிய மை எங்கே இருக்கும்? வாளியில்தான் இருக்கும்.

இளைய நண்பர்களே, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க ஆசைப்படுகிறேன். என் முன்னால் இருந்த வழி இதுதான்: குத்துமதிப்பாக ஒரு திசையில் வைத்துத் திருகை முடுக்கிக் கொடுத்துவிடலாம். பார்ப்பதற்கு ஜோராக இருக்கும். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். ஆறு மணி பஸ்ஸில் நான் திருவள்ளூர் போய்விடலாம். நாளைக்குக் கோடு இரண்டாகத் தெரிந்தால், பாவம், பயத்தில் தடுமாறிவிட்டார் என்று கம்பெனியே சொல்லிவிடும். என்மேல் ஒரு பழியும் வராது. பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், திருகை முடுக்கக் கை போயே விட்டது.

போன கை நின்றது. ஏன் நின்றது என்று எனக்கே தெரியாது. வாளியை ஏந்தி ஏந்தி அவர் சட்டை நனைந்திருந்தது, அதுவாக இருக்கலாம்.

"அண்ணே, ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்றேன். பேனாக் கோட்டையும், லென்ஸின் திசையையும், எல்லாவற்றையும் சொன்னேன்.

கன்னியம்மா வெடித்துவிட்டார். "யோவ், இன்னா ஆளுய்யா நீ? காலைல உருக்கின, மத்தியானம் தேய்ச்ச, இப்ப தொலைச்சிட்டேன்னு சொல்லிக்கினு நிக்கிற. காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அவரு சொல்லாம குடுத்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமாமே? சும்மா இரு," என்றார் எல்லப்பன். பிறகு என்னிடம், "சார், அது எந்தப் பக்கம் திரும்புனா சரின்னு கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"உங்க கண்ணுக்குத் தெரியும். என் கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப குடு."

திருகைப் பாதி தளர்த்தி, லென்ஸ் வளையத்துக்குள் சுழலும்படி வைத்துக் கொடுத்தேன். அவர் மாட்டிக்கொண்டு, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். என் ஸ்டீல் ஸ்கேலை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். நகத்தால் லென்ஸின் ஓரத்தைத் தள்ளித் தள்ளித் திருப்பினார்.

"ரெண்டு... ரெண்டு... கிட்ட வருது... போயிடுச்சு. இரு."

ஸ்கேல் ஆடாமலிருக்க நான் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். அவரோ அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டு திருப்பினார். "ஏரியிலேர்ந்து கடலுக்குப் போற வாயில நுழையணும்னா இப்டித்தான் சார். கரையில ஒரு பன நிக்கும், அதுக்குப் பின்னால தூரமா இன்னொரு பன. ரெண்டும் தனித்தனியா தெரிஞ்சா அடியில மேடு, படகு தட்டும். மொள்ள மொள்ள திருப்பிக்கினே வரணும். ரெண்டு பனையும் ஒரே பனையா ஆவுற எடம் ஒண்ணு கீது. அங்க நேரா உட்டா தண்ணி ஆழம்." விரல் நின்றது. "தோ. ஒண்ணாயிடுச்சு."

"நல்லாப் பாருங்க அண்ணே."

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். ஸ்கேல்ல அந்தச் சின்னக் கோட்டுக்குப் பக்கத்துல துருப் புள்ளி கீது. தொடைக்கறதே இல்லியா நீ?"

அசையாமல் கழற்றி வாங்கினேன். வளையத்தின் மேல்விளிம்பில் அரத்தின் முனையால் ஒரு சின்னக் கீறல். அதற்கு நேராக, லென்ஸின் ஓரத்திலும் ஒரு கீறல். இந்தத் தடவை மை இல்லை. லென்ஸ் நழுவாமலிருக்கப் பள்ளத்தில் ஒரு இழை நூல் வைத்துத் திருகை முடுக்கினேன். வட்ட பிரேம், நாலு மணி நேரக் கைவேலை. நாளைக்கு வியர்வையில் லென்ஸ் சுழலாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் இரண்டு கீறலையும் வெளிச்சத்தில் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு பன வெச்சுக் குடுத்துட்ட. போதும் சார்."

திங்கட்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. கும்மிடிப்பூண்டியில் அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றேன். கன்னியம்மாவும் மீன் கூடையோடு வந்திருந்தார். அன்றைக்கு அவர் கூடையைத் திறக்கவே இல்லை. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நான் வெயிலில் நிற்பதைப் பார்த்துத் தான் நின்ற நிழலில் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டார். வாட்ச்மேன் எங்கள் இருவரையும் வரிசையாக நாலு தடவை விரட்டினார்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் எல்லப்பன் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக வந்து கன்னியம்மாவின் கூடையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அவருக்கு அதுதான் அறிவிப்பு. கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"பாதியில திரும்பிடுச்சு சார்," என்றார் என்னிடம். "பதினாறாவது வளையம். கோடு ரெண்டாயிடுச்சு. கண்ணாடியக் கழட்டி நகத்தால தள்ளி கீறலுக்குக் கீறல சேத்தேன். அந்த இன்ஜினீரு, 'என்னய்யா பண்றே?'ன்னாரு. விசயத்தச் சொன்னேன். கண்ணாடிய வாங்கிப் பாத்தாரு. 'தன் கருவிய தானே சரி பாக்கிற ஆளு, இவன் இருக்கட்டும்'னு எழுதிட்டாரு."

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு பலமாகத்தான் விழுந்தது. திட்டி முடித்ததும், சரியாக வேலை செய்ய வேண்டும் என்று ஆர்டர் புத்தகத்தை எடுத்து டாக்டர் சீட்டைப் பார்த்தோம். அடுத்த ஞாயிறு எல்லப்பனின் கண்ணாடியை வாங்கி அளந்தபோது, டாக்டர் எழுதியிருந்த திசைக்கும் அவர் நகத்தால் தேடிப் பிடித்த திசைக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். லென்ஸை ஒட்டவைத்து, சுழலாதபடி செய்து கொடுத்தேன்.

அப்போது கன்னியம்மா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் கேட்டார். "இப்ப ஒயுங்கா சொல்லு. இத்த இன்னாத்துல தேய்க்கறது?"

இந்த முறை மேஜையில் வேறு வேலை எதையும் தொடாமல் சொன்னேன். புளி, சாம்பல், மண், எலுமிச்சை எதுவும் ஆகாது. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். மாதம் ஒரு தடவை மூட்டுத் திருகில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கழற்றும்போது இரண்டு கையாலும் கழற்ற வேண்டும். ஒற்றைக் கையால் இழுத்தால் எந்த உலோகமானாலும் ஒரு பக்கம் சாயும். படகில் வலைக்கூடையோடு போடாமல் டப்பாவுக்குள் வைக்க வேண்டும். அப்படி எல்லாம் செய்தாலும் ஜெர்மன் சில்வரும் உப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணியும். பச்சை தெரிந்தால் தேய்க்காமல் என்னிடம் கொண்டுவர வேண்டும்.

"நல்ல தண்ணியா? கொடத்துல தூக்கி படகுல கொண்டாறோம் தம்பி."

"ஒரே ஒரு டம்ளர் அக்கா."

"சரி. அலசின தண்ணிய அப்பால கோழிக்கு வெச்சிடறேன்."

அந்தப் பதிலில்தான் எனக்கு இந்தத் தொழில் புரிந்தது. நாம் சொல்லுகிற பராமரிப்பு அந்த வீட்டுக்குள் நுழைந்து, அங்கே இருக்கிற குடத்தோடும் கோழியோடும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் வீடு தன் வழக்கப்படி புளியை எடுத்துக்கொள்ளும். இப்போது உங்கள் தட்டுகளில் ஸ்டீல் இருக்கிறது, டைட்டானியம் இருக்கிறது, உப்புக்கு அசையாத சரக்கெல்லாம் இருக்கிறது. ஆனாலும் திருகு திருகுதான், மூட்டு மூட்டுதான். டைட்டானியத்துக்குள் திணித்த மட்டமான திருகு துருப்பிடித்து ஒடிந்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கே வேலை, எதில் போகிறீர்கள், இரவில் கண்ணாடியை எங்கே வைப்பீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. தப்பு நடந்துவிட்டால், லென்ஸ் இன்னும் உங்கள் கையில் இருக்கும்போதே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அதைச் சரிசெய்கிற வழி எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கலாம்.

எல்லப்பன் அந்தக் கம்பெனியில் செக்கராகச் சேர்ந்து, செக்கர்களுக்கெல்லாம் தலைவராகி ரிட்டயர் ஆனார். கன்னியம்மா கடைசிவரை அந்த வட்டக் கண்ணாடியை வாத்தியார் கண்ணாடி என்றுதான் சொன்னார்.

எல்லப்பனுக்கு எண்பது ஆகிவிட்டது. நான் இதை மாடியில் தட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அவர் கீழே நம் கடையில், மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அரை மணி நேரமாக கேமராவில் பார்க்கிறேன், யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.